ஊர்க்கூடம் கட்டும் கமிட்டி: யார் முடிவெடுப்பது, யார் கையெழுத்திடுவது?

கேள்வி: காரிமங்கலம் பக்கம் எங்கள் கிராமம். 310 வீடுகள். கல்யாணம், காதுகுத்து, ஊர்க்கூட்டம் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கூடம் கட்டுகிறோம். பெரியவர் ஒருவர் 18 சென்ட் இடத்தை வாய்வார்த்தையாகத் தந்திருக்கிறார். கட்டடம் 3,600 சதுர அடி, மதிப்பீடு 80 லட்சம். வீட்டுக்கு வீடு வசூலித்த ஊர் வரி, நன்கொடை எல்லாம் சேர்த்து 31 லட்சம் வந்திருக்கிறது. அது தலைவர், பொருளாளர் இருவரின் சொந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது. பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் இன்னும் தருவதாகச் சொல்கிறார்கள். கமிட்டியில் 21 பேர், நான் செயலாளர். தூண்களுக்கு 16 குழி தோண்டியாகிவிட்டது. ஒருவர் வந்து 5 அடி போதும் என்கிறார், மறுநாள் இன்னொருவர் 7 அடி என்கிறார். குழி அளவு இரண்டு முறை மாறிவிட்டது. மேஸ்திரி தலைவருடைய மச்சான் என்பதால் கேள்வி கேட்டாலே மனஸ்தாபம். இதை எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவருவது?

பதில்:

முதலில் வேலையை நிறுத்துங்கள். குழி பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் செய்து முடிக்க வேண்டியவை இருக்கின்றன.

உங்கள் ஊரில் ஆள் பற்றாக்குறை இல்லை, அக்கறைக்கும் குறைவில்லை. முடிவெடுப்பது, வேலையை நடத்துவது, நடந்ததைச் சரிபார்ப்பது ஆகிய மூன்றும் ஒரே 21 பேரிடம் கலந்து கிடக்கின்றன. அதனால்தான் குழிமேட்டில் நிற்கிற எவரும் மேஸ்திரிக்கு உத்தரவு போட முடிகிறது. இந்த மூன்றையும் மூன்று கைகளில் பிரித்து, ஒவ்வொன்றின் எல்லையையும் எழுதிவைத்தால் பாதிச் சச்சரவு அதிலேயே அடங்கிவிடும்.

இடமும் பணமும் யார் பெயரில்

வாய்வார்த்தையாகத் தந்த இடத்தில் ஒரு செங்கல்லும் வைக்காதீர்கள். அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்க, இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்த பத்திரம் கட்டாயம். பெரியவர் மனம் மாற மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்குப் பின் பிள்ளைகள், பேரன்கள் பங்கு கேட்டால் ஊர் கட்டிய கூடம் அவர்கள் இடத்தில் நிற்கும். அவர் உடல்நலத்தோடு இருக்கும்போதே வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, தானப் பத்திரம் பதிந்து, பட்டாவையும் மாற்றிவிடுங்கள். குடும்ப உறவுகளுக்குள் எழுதும் பத்திரத்துக்கு உள்ள முத்திரைத் தீர்வைச் சலுகை இதற்குக் கிடைக்காது. அந்தச் செலவை மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யார் பெயரில் பதிவது? அறக்கட்டளை வேண்டாம், சங்கம் போதும் என்பது என் கருத்து. அறக்கட்டளையில் பத்திரத்தில் பெயர் உள்ள சிலரிடமே அதிகாரம் தங்கிவிடும். சங்கத்தில் பொதுக்குழு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும், மாற்றவும் முடியும். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். துணைவிதியில் ஒரு வரியை மறக்காமல் எழுதுங்கள்: வரி கொடுத்த எல்லா வீடுகளுக்கும் கூடத்தைப் பயன்படுத்த ஒரே உரிமை, ஒரே வாடகை. காலனி வீடுகளும் அந்த 310இல் இருக்கின்றன என்றால் கமிட்டியிலும் அவர்கள் இருக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு பேச வேண்டிய விஷயமில்லை இது.

சங்கம் பதிவானதும் அதன் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து, அதில் பொருளாளர் கையெழுத்து கட்டாயம். சொந்தக் கணக்குகளில் இருக்கும் 31 லட்சத்தை ஒரே நாளில், பட்டியலோடு அந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். இது யார்மீதும் சந்தேகப்படுவதாகாது. அந்த இருவரில் ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால் அவர் கணக்கில் உள்ள பணம் வாரிசுகளுக்குப் போகும். நாளை வருமான வரித்துறை கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவர்களைப் பாதுகாக்கவே இந்த மாற்றம் என்று சொன்னால் இருவருமே ஒப்புக்கொள்வார்கள்.

சிங்கப்பூர்ப் பணத்தில் ஒரு கவனம் தேவை. இந்தியக் குடிமகனாகவே இருந்து அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். அவர் பணத்தை வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அது இல்லாமல் சாதாரணக் கணக்கில் வாங்கினால் குற்றம். நன்கொடையாளர் ஒவ்வொருவரிடமும் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று முதலிலேயே கேட்டு எழுதிவையுங்கள்.

மூன்று கைகள்

21 பேர் கமிட்டியைக் கலைக்க வேண்டாம். அதுதான் உரிமையாளர். அவர்கள் வேலை நான்கே: வரைபடத்தை ஏற்பது, மொத்தச் செலவை ஏற்பது, ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுப்பது, செலவு எல்லை மீறினால் அனுமதிப்பதா என்று முடிவெடுப்பது. மாதம் ஒரு கூட்டம் போதும்.

அதற்குக் கீழே ஐந்து பேர் கட்டடக் குழு. வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, ஒரே நேரம். மூன்று பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். ஐவரில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். சமையல்கூடம், பாத்திரம் கழுவும் இடம், கழிப்பறை, மணப்பெண் அறை ஆகியவற்றில் அவர்கள் சொல்வதைக் கேட்காமல் கட்டிய கூடங்களில் பிறகு இடித்துக் கட்டும் செலவு நிச்சயம் வரும். பொறியாளர் கூட்டத்தில் உட்காரலாம், வாக்கு கிடையாது.

அந்த ஐவரில் ஒருவர் மட்டும் தளப் பொறுப்பாளர். மேஸ்திரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ சொல்லப்படும் எதுவும் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும், அதுவும் எழுத்தில். இதற்குக் கார்பன் வைத்த, பக்க எண் அச்சிட்ட ஒரு தள உத்தரவுப் புத்தகம் வாங்குங்கள். ஒரு பிரதி ஒப்பந்ததாரருக்கு, ஒன்று பொறியாளருக்கு, ஒன்று புத்தகத்திலேயே. வேறு யார் எதைச் சொன்னாலும், அது தலைவராகவே இருந்தாலும், “புத்தகத்தில் எழுதிக் கொடுங்க” என்று மேஸ்திரி பதில் சொல்லலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். எழுத்தில் இல்லாத வேலைக்குப் பணம் கிடையாது என்ற வரியும் கூடவே இருக்கட்டும்.

சரிபார்ப்பவர்கள் இருவர், ஐவர் குழுவுக்கு வெளியே. ஓய்வுபெற்ற ஆசிரியர், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர் போன்ற ஒருவர், மற்றவர் படித்த இளைஞர். மாதம் ஒருமுறை ரசீதுப் புத்தகம், வங்கிக் கணக்கு, செய்த வேலையின் அளவை எழுதும் அளவுப் புத்தகம், ஸ்டோர் பதிவேடு நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒரு பக்க அறிக்கையைக் கோவில் சுவரில் ஒட்ட வேண்டும்.

செலவு எல்லை இல்லாமல் இந்த அமைப்பு ஓடாது. 80 லட்சம் வேலைக்கு நான் சொல்லும் அளவு: தளப் பொறுப்பாளர் தானாக 5,000 ரூபாய் வரை, ஐவர் குழு ஒரு முடிவுக்கு 50,000 வரை, அதற்கு மேல் 21 பேர் கமிட்டி. மதிப்பீட்டில் 5 சதவீதம், அதாவது 4 லட்சம், எதிர்பாராத செலவுக்கென்று தனியே ஒதுக்குங்கள். ஐவர் குழு எடுக்கும் கூடுதல் செலவு முடிவுகளின் கூட்டுத்தொகை அந்த 4 லட்சத்தைத் தொட்டதும் அவர்கள் அதிகாரம் நின்றுவிடும். இந்த இரண்டாவது எல்லை இல்லாவிட்டால் 49,000, 48,000 என்று துண்டு துண்டாகப் போட்டே 10 லட்சம் தாண்டிவிடலாம். ஒப்பந்ததாரரிடம் இந்த ஒதுக்கீட்டைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

மச்சான் விஷயம்

ஆளைச் சொல்லாமல் விதியைச் சொல்லுங்கள். கூட்டத்தில் இப்படி ஒரு தீர்மானம் வையுங்கள்: “கமிட்டி உறுப்பினர் எவருடைய உறவினரும் விலைப்புள்ளி தரலாம். அந்த உறுப்பினர் அந்த விலைப்புள்ளியைப் பிரிக்கும்போதும் வாக்கெடுப்பின்போதும் அறையில் இருக்கக் கூடாது. அந்த வேலையை அளப்பதிலும் பில்லில் கையெழுத்திடுவதிலும் பங்கு பெறக் கூடாது.” இந்தத் தீர்மானத்தை மறுப்பது யாருக்கும் கடினம். தலைவர் கையெழுத்து தேவைப்படும் இடத்தில் செயலாளரும் பொருளாளரும் போடட்டும். இதற்காகத்தான் மூவரில் இருவர் என்று வைத்தோம்.

பிறகு மூன்று பேரிடமாவது மூடிய உறையில் விலை வாங்குங்கள். மூவருக்கும் ஒரே வரைபடம், ஒரே அளவுப் பட்டியல் தர வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும் விலைகளை ஒப்பிடவே முடியாது; ஒருவர் சம்ப்பை (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) சேர்த்திருப்பார், இன்னொருவர் சேர்த்திருக்க மாட்டார். அயிட்டம் வாரியாக விலை கேளுங்கள்: மண் தோண்டுதல் கன மீட்டருக்கு, கான்கிரீட் கன மீட்டருக்கு, கம்பி கிலோவுக்கு, பூச்சு சதுர மீட்டருக்கு.

நம் தர்மபுரி மாவட்டத்தில் இதில் ஒரு வரி மிக முக்கியம். ஒரே மனையில் ஒரு மூலையில் 3 அடியில் பாறை தட்டும், எதிர் மூலையில் 6 அடி வரை மண்ணும் சுக்கானுமாக (மண்ணுக்கும் பாறைக்கும் இடைப்பட்ட கெட்டி அடுக்கு) இருக்கும். மண், சுக்கான், உடைக்க வேண்டிய பாறை மூன்றுக்கும் தனித்தனி விலையை முன்பே வாங்கிவிடுங்கள். வாங்காவிட்டால், பாறை தட்டிய அன்று பேசப்படும் விலைதான் விலை, அப்போது உங்கள் கையில் எதுவும் இருக்காது. வெடி வைக்க உரிமம் வேண்டும். வீடுகளுக்கு நடுவே அது வேண்டவே வேண்டாம், பிரேக்கரால் உடைக்கும் விலையே கேளுங்கள்.

கூலி கான்ட்ராக்டா, பொருளோடு சேர்த்தா? சிமெண்ட், கம்பி எல்லாம் கமிட்டியே வாங்கிக் கூலி மட்டும் கொடுத்தால் மிச்சமாகும் என்று பலர் சொல்வார்கள். காலை முதல் மாலை வரை ஸ்டோரில் உட்கார்ந்து வரவு செலவு எழுத சம்பளத்துக்கு ஒரு ஆள் இருந்தால் மட்டுமே அது உண்மை. இல்லையென்றால் பொருளோடு கொடுங்கள். சிமெண்ட் வகை, கம்பி தரம் (எஃப்இ 500டி), எம் சாண்ட், ஜல்லி அளவு எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பணம் எங்கே நிற்கும்

80 லட்சம் வேலையை 31 லட்சத்தோடு ஒரே ஒப்பந்தமாகத் தொடங்காதீர்கள். பத்திரச் செலவு, பொறியாளர் கட்டணம், வரைபட அனுமதிக் கட்டணம், கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம் எல்லாம் முதலில் போகும். வேலையை மூன்றாகப் பிரியுங்கள்: அஸ்திவாரம் முதல் பேஸ்மட்டம் வரை, தூண் முதல் கூரை வரை, பூச்சு முதல் பெயின்ட் வரை. இரண்டாம் கட்டத்துக்கு முழுப்பணமும் கணக்கில் வந்த பிறகே தூண் எழுப்புங்கள். பேஸ்மட்டத்தில் ஆறு மாதம் நின்றால் கட்டடத்துக்குக் கேடில்லை. மேலே நீட்டிய கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசி, மெலிந்த கான்கிரீட்டால் (சிமெண்ட் குறைந்த கலவை) மூடிவைத்தால் போதும். தூண் நின்று கூரை இல்லாமல் இரண்டு மழை பார்த்தால் கம்பி துருவேறும், சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை, முட்டு) வாடகை ஓடும், ஊரின் உற்சாகமும் போய்விடும்.

முன்பணம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அதையும் ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சமாகப் பிடித்துவிடுங்கள். ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் நிறுத்திவைத்து, பாதியை வேலை முடிந்ததும், மீதியை 12 மாதம் கழித்தும் கொடுங்கள். ஒரு மழைக்காலம் கூரையைச் சோதித்த பிறகு அந்தப் பணம் போகட்டும். ஒப்பந்ததாரருக்கு ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேலோ ஆண்டுக்கு மொத்தம் 1 லட்சத்துக்கு மேலோ கொடுத்தால் வரி பிடித்துக் கட்ட வேண்டும்: தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனத்துக்கு 2 சதவீதம். சங்கத்துக்கும் இது பொருந்தும். ஒரு ஆடிட்டரை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

அளவும் தரமும்

பில்லுக்கு அடிப்படை அளவுப் புத்தகம். மூடப்படும் வேலையை மூடுவதற்கு முன் அளக்க வேண்டும். உங்கள் குழிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 6க்கு 6 அடி, 5 அடி ஆழம் என்றால் ஒரு குழி 180 கன அடி, 16 குழிக்கு 2,880. புத்தகத்தில் ஆழம் 6 என்று எழுதிவிட்டால் 576 கன அடிக்குக் கூடுதல் பணம். மண் தள்ளிய பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது. தளப் பொறுப்பாளர், பொறியாளர், ஒப்பந்ததாரர் மூவரும் சேர்ந்து அளந்து அங்கேயே கையெழுத்திட வேண்டும். டேப் குழிக்குள் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்துவையுங்கள்.

கம்பியை எண்ணிக்கையால் சரிபார்க்கலாம். 12 மீட்டர் நீளக் கம்பி 8 மி.மீ என்றால் 4.74 கிலோ, 10 மி.மீ 7.4, 12 மி.மீ 10.66, 16 மி.மீ 18.96. எடைச்சீட்டை இந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள். சில சதவீத வித்தியாசம் தரக்குறியீட்டிலேயே அனுமதி. அதற்கு மேல் என்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். சிமெண்டுக்கு இன்னொரு கணக்கு: எம்20 கலவையில் (சிமெண்ட் 1, மணல் 1.5, ஜல்லி 3) ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை. 20 கன மீட்டர் போட்ட அன்று 160 காலிச் சாக்கு இருக்க வேண்டும். 130தான் இருக்கிறது என்றால் ஒன்று அளவு தப்பு, இல்லை கலவை தப்பு.

40 அடி போன்ற அகலமான கூடத்துக்குப் பொறியாளர் அதைவிட வலுவான எம்25 கேட்டிருந்தால் பெட்டிக் கணக்கில் கலக்கவே கூடாது. எம்20க்கு மேல் டிசைன் மிக்ஸ் (சோதித்து விகிதம் வகுத்த கலவை) வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 456. கான்கிரீட் போடும் நாளில் 15 செ.மீ கனசதுரக் கான்கிரீட் கட்டிகள் எடுத்து 28ஆம் நாள் சோதிக்க வேண்டும். 6 முதல் 15 கன மீட்டர் வரை இரண்டு மாதிரிகள், மாதிரிக்கு மூன்று கட்டிகள். சோதனைக்குத் தர்மபுரி அரசுப் பொறியியல் கல்லூரியின் சிவில் துறையில் முதலில் விசாரியுங்கள். கட்டி எடுத்துப்போகும் ஆள் ஒப்பந்ததாரருடைய ஆளாக இருக்கக் கூடாது.

சென்ட்ரிங் பிரிப்பதில் அவசரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: நாள் வாடகை. 4.5 மீட்டருக்கு மேல் அகலமுள்ள தளத்துக்கு முட்டு 14 நாள், 6 மீட்டருக்கு மேல் நீளமுள்ள உத்தரத்துக்கு 21 நாள் நிற்க வேண்டும். வாடகை முழுவதும் ஒப்பந்ததாரர் பொறுப்பு, பொறியாளர் எழுதிக் கொடுக்காமல் பிரிக்கக் கூடாது என்று இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அந்த 21 நாள் வாடகையைச் சேர்த்தே அவர் விலை கொடுக்கட்டும்.

போர் தண்ணீரைச் சோதியுங்கள். நம் பக்கத் தண்ணீரில் புளோரைடு இருப்பதால் கான்கிரீட் கெட்டுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். பார்க்க வேண்டியவை குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள், சல்பேட் 400க்குள், பி.எச். 6க்குக் குறையாமல். சாதாரண சிமெண்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்கு 10 நாள் குறைந்தபட்ச நீராற்றுதல் (கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பது). நம் வெயிலுக்கு 14 நாள் வையுங்கள்.

அனுமதி

ஊராட்சியில் மட்டும் ஒப்புதல் வாங்கினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். மக்கள் கூடும் கட்டடத்துக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் பொருந்தும். 18 சென்ட் என்பது சுமார் 7,840 சதுர அடி. அதில் பக்க இடைவெளி, வண்டி நிறுத்தம், தீயணைப்பு வண்டி நுழைய வழி எல்லாம் வருமா என்று வரைபடம் போடும்போதே பார்க்க வேண்டும். கட்டி முடித்த பின் 1965ஆம் ஆண்டு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டப்படி வட்டாட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். அதற்குக் கட்டமைப்பு உறுதிச் சான்று கேட்பார்கள். இன்றைய அளவுப் புத்தகமும் கட்டிச் சோதனை முடிவுகளும் இல்லாவிட்டால் அந்தச் சான்று தரப் பொறியாளர் தயங்குவார்.

இனி அந்த 16 குழிகள்

ஆழத்தை முடிவு செய்வது கமிட்டி வேலையும் இல்லை, மேஸ்திரி வேலையும் இல்லை. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் குழிக்குள் இறங்கிப் பார்த்து, மண் சோதனை வேண்டுமென்றால் செய்து, ஒவ்வொரு குழிக்கும் ஆழத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். சில குழிகள் பாறையிலும் சில மண்ணிலும் நின்றால் மண் பக்கம் மட்டும் அமுங்கி உத்தரத்தில் விரிசல் விழும்; எல்லாக் குழிக்கும் ஒரே ஆழம் என்று அடம்பிடிப்பதில் அர்த்தமில்லை, ஒரே உறுதியான அடித்தளம்தான் வேண்டும். அதிகம் தோண்டிய இடத்தில் மண்ணைப் போட்டு மேடாக்கிவிடாதீர்கள். மெலிந்த கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும். அவர் வரும்வரை குழிகளைச் சுற்றி வரப்பு கட்டி மழைத்தண்ணீர் இறங்காமல் தடுங்கள், குழந்தைகளும் ஆடுமாடும் விழாமல் முள்வேலி போடுங்கள். தண்ணீர் நின்று ஊறிய குழி என்றால், கான்கிரீட்டுக்கு முன் அடியில் இளகிய அரை அடி மண்ணைச் சுரண்டி எடுக்கச் சொல்லி, அதையும் உத்தரவுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.